இடது முன்சக்கரம்

பெருமாள்மலை தாண்டி மூன்றாவது வளைவில் மதன் கையில் ஸ்டியரிங் மறுபடியும் உதறியது. பிரேக்கில் கால் பட்டால் போதும், ஸ்டியரிங் இரண்டு கைக்குள்ளும் கிடந்து துடித்தது. காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முதுகைப் பார்த்தார்கள். பள்ளங்கியிலிருந்து பழனிச் சந்தைக்கு கேரட்டும் பீன்ஸும் பூண்டும் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். தினமும் இதே பஸ்தான், இதே இறக்கம்தான். உதறலின் கதையும் அவர்களுக்கு அத்துப்படி.

அன்றோடு அது மூன்றாவது டிரம். டிரம் என்பது சக்கரத்துக்குள் இருக்கிற கனத்த வார்ப்பு இரும்புச் சட்டி. பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் லைனிங் கட்டைகள் விரிந்து, சுழலும் சட்டியின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும். சட்டி சரியான வட்டமாக இருக்கிற வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். மயிரிழை கோணினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதை உதைக்கும். பத்து மாதத்தில் மூன்று சட்டி கோணிவிட்டது. மூன்றும் இடது முன்சக்கரத்துச் சட்டி.

வண்டி முதலாளி சேனாதிபதி பழனிக்காரர். இளவயதில் பத்து வருஷம் லாரி ஓட்டியவர். அதனால் வண்டி விஷயத்தில் தமக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று அவருக்கு நினைப்பு. நினைப்பு தப்பில்லை, அதை வாயால் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு ஷெட்டில் நாலு பேர் நிற்கும்போதே சொன்னார்.

"டிரம்மு போகல மதனு. ஓன் காலுதான் போயிருக்கு. எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா இரும்பு என்ன பண்ணும்?"

"செகண்டு கியர்லதான் எறங்குறேன் மொதலாளி. காலு சும்மா தொட்டுத்தொட்டு எடுக்குறதுதான்."

"அப்ப டிரம்மு தன்னால கோணுதாக்கும்." அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார். "கோகுல்ராஜ்கிட்டப் பேசி வச்சிருக்கேன். தேவசேனாகிட்ட வண்டியக் கொண்டு போ, பாக்கட்டும். அதுக்கப்புறமும் ஆடுச்சுன்னா, நீ சாவியக் குடுத்துட்டுப் போயிரு. எனக்கு மனசுக்குக் கஷ்டந்தான், என்ன செய்ய?"

கோகுல்ராஜ் என்பவன் ஒட்டன்சத்திரத்தில் சும்மா இருக்கிற ஓட்டுநர். அவன் பெயரைக் கேட்டதைவிட அந்தக் 'கால்' பேச்சுதான் மதனுக்கு நெஞ்சில் குத்தியது. மலையில் ஓட்டுகிறவனைக் குடிகாரன் என்று சொல்லுங்கள், கோபக்காரன் என்று சொல்லுங்கள், சிரித்துவிட்டுப் போவான். பிரேக்கை மிதித்தே இறங்குகிறவன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு வரைக்கும் ஒருத்தனும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் மதனுடையது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை கையில் கனரக லைசென்ஸ் வந்ததை அவன் மனைவி மகாராணி இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

தேவசேனாவின் பட்டறை பழனி புறவழிச்சாலையில் இருந்தது. டிப்ளமோ படித்துவிட்டுச் சொந்தமாக லேத் வாங்கிப் போட்டவள். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "இருக்கேன், சொல்லுங்க" என்பாள். மீதிப் பாதிப் பேர் ஒருமுறை அப்படிக் கேட்டு அசடு வழிந்தவர்கள்.

"மொதல்ல ஒரு ரவுண்டு போவோம்ணே" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். அணைக்குப் போகிற சமதள ரோட்டில் காலி வண்டியை ஓட்டச் சொன்னாள். நாற்பதில் போகும்போது மிதிக்கச் சொன்னாள். ஸ்டியரிங் உதறியது. பிறகு வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெல்லப் போடச் சொன்னாள். வண்டி அலுங்காமல் நின்றது.

"ஹேண்ட் பிரேக்கு பின்னாடி சக்கரத்த மட்டுந்தான் புடிக்கும். அப்ப பின்னாடி சுத்தம். சோலி முன்னாடிதான் கெடக்கு."

பட்டறைக்குத் திரும்பியதும் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினார்கள். வலது சக்கரத்தைக் கையால் சுற்றி, லைனிங் லேசாக உரசுமாறு வைத்துக் காது கொடுத்தாள். உஸ்ஸென்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. இடது சக்கரத்தைச் சுற்றினாள். சத்தம் வந்தது, நின்றது, வந்தது, நின்றது. சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து பேரிங்கைப் பார்த்தாள். பட்டை ஸ்பிரிங்கைக் கட்டிப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. கோணலை அளக்கிற டயல் கேஜை வைத்து டிரம்மைச் சுற்றியபோது மட்டும் முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது.

இரண்டு முன்டிரம்களையும் கழற்றித் தரையில் போட்டாள். வலது டிரம்மின் உள்சுவர் கண்ணாடி போலப் பளபளத்தது. இடது டிரம்மில் ஒரு பாதி முழுக்க நீலம் பாரித்த திட்டுகள், அவற்றின் மேல் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள். மறுபாதியில் ஒன்றுமில்லை.

"அண்ணே, ஒங்க காலு பிரேக்க மிதிச்சா எத்தன சக்கரம் புடிக்கும்?"

"நாலுந்தான்."

"காலு கெட்ட காலா இருந்தா நாலு டிரம்மும்ல செத்திருக்கணும்? ஒண்ணு மட்டும் எப்பிடிண்ணே சாகும்?" அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒங்க காலுல ஒரு குத்தமும் இல்ல. போயி டீயக் குடிச்சிட்டு வாங்க."

மதன் டீ குடிக்கப் போகவில்லை. பத்து மாதமாக யாராவது ஒருத்தர் இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்கிய பெல்ட்டுகளை எண்ணுவது போல நின்றான்.

"ஆனா யாரோ இதக் கொல்லுறாங்கண்ணே" என்றாள் தேவசேனா பின்னாலிருந்து. "எறக்கத்துல வர்ற டிரம்மு எப்பிடி ஓட்டுனாலும் கடைசியில கொதிக்கத்தான் செய்யும். அது தன்னால ஆறுனா ஒண்ணும் ஆகாது. கொதிக்கிறப்ப ஒரு பக்கமா பச்சத்தண்ணியக் கொட்டுனா அந்தப் பக்கம் சுருங்கும், இந்தப் பக்கம் சுருங்காது. வட்டம் எப்பிடி வட்டமா நிக்கும்? நீங்க தண்ணி ஊத்துவீங்களா?"

"சத்தியமா நான் ஊத்துனதே இல்ல தங்கச்சி."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஊற்றவில்லைதான். ஊற்றுகிறவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியும். தினமும் கண்ணெதிரே நடக்கிற காரியம்.

போன ஐப்பசியில் ஒரு காலை. அடைமழை விட்டு மூன்று நாளாயிருந்தது. பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவைத் திரும்பியதும் எதிரே ரோட்டில் பாதியைக் காணோம், சரிந்து போயிருந்தது. மதன் மிதித்த மிதியில் வண்டி நின்றபோது இடது முன்டயரின் பாதி அந்தரத்தில் இருந்தது. உள்ளே முப்பத்திரண்டு பேர். பின்கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசியாக அவன் இறங்கினான். கேரட் வியாபாரம் செய்கிற பெருமாயி சேற்றோடு சேறாக உட்கார்ந்து அந்த டயரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஐம்பது வயதுக்காரி. யாருக்கும் அடங்காத வாய். அன்றைக்குத்தான் அவள் அழுது எல்லோரும் பார்த்தார்கள்.

மலை இறங்கி முடிவதற்கு ஒரு வளைவு முன்னால் ஊத்தடி என்று ஒரு நிறுத்தம். பாறையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீருக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஏழு கன்னிமார் கல். எதிரில் டீக்கடை. பஸ் அங்கே பத்து நிமிஷம் நிற்கும். அந்தக் கன்னிமாரிடம் பெருமாயி வேண்டிக்கொண்டாள். எங்களைத் தாங்கின சக்கரத்துக்கு வருஷம் திரும்புகிற வரைக்கும் உன் தண்ணீரை விட்டுச் சூடு தணிக்கிறேன் தாயே, என்று. மறுநாளிலிருந்து வண்டி நின்றதும் முதல் ஆளாக இறங்கி ஒரு குடம் பிடித்து, அந்த இடது முன்சக்கரத்தில் ஊற்றிக் கும்பிடுவாள். சுர்ரென்று ஆவி பறக்கும். "பாத்தியா, எம்புட்டுத் தவிச்சுப் போயிருக்கு" என்பாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டியரிங் உதற ஆரம்பித்த பிறகு, சாமிக்கு ஏதோ குறை என்று ஒரு குடம் மூன்றானது, மூன்று ஐந்தானது.

எதிரே டீ குடித்துக்கொண்டு மதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மனசுக்குள் அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. தன் வண்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று. லாரி ஓட்டி முடித்த சேனாதிபதிக்கும் தெரியாது, பத்து வருஷமாக மலையில் ஓட்டுகிற மதனுக்கும் உறைக்கவில்லை.

"என்னண்ணே, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றான் மதன். "யாருன்னு தெரியலியே தங்கச்சி."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிஷம் சேனாதிபதி காதுக்குப் போகும். அவர் ஊத்தடிக்கே ஜீப்பில் வந்து, நாலு பேர் முன்னால் பெருமாயியைக் கிழித்துத் தொங்கவிடுவார். கூடையோடு இனிமேல் வண்டியில் ஏறாதே என்றாலும் சொல்வார். அதைவிடப் பெரிய பயம், அவளுக்கே தெரிந்தால் என்ன ஆகும் என்பது. சாமிக்குச் செய்கிறோம் என்று நம்பிச் செய்தவளிடம், நீதான் முப்பத்திரண்டு பேர் உயிரைப் பத்து மாதமாக ஆட்டம் காணவைத்தாய் என்று எந்த வாயால் சொல்வது? இதமாகப் பேசித் தானே நிறுத்திவிடலாம் என்று நினைத்தான்.

தேவசேனா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் தோண்டவில்லை. புது டிரம்மை மாட்டி, லைனிங்கையும் மாற்றி, ஓட்டிப் பார்த்து அனுப்பினாள். "இதையும் கொன்னுட்டு வந்தீங்கன்னா கோகுல்ராஜுக்கு நானே போன் பண்ணுவேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. மதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஊத்தடியில் பெருமாயி குடத்தோடு வந்தாள்.

"அக்கா, இன்னைக்குத் தண்ணி வேணாம்க்கா. புது டிரம்மு போட்டிருக்கு."

"புதுசா? இத மொதல்லயே சொல்ல வேணாமாலே?" என்றவள் திரும்பி, "ஏ, இன்னும் ரெண்டு கொடம் கொண்டாங்கடி, புதுசு போட்டிருக்காம்!" என்று குரல் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள், "பின் சக்கரத்துக்கு ஊத்துங்கக்கா, அதும் பாவந்தான" என்று சொல்லிப் பார்த்தான். "அது என்ன செஞ்சுச்சு எனக்கு?" என்று கேட்டாள் பெருமாயி. இன்னொரு நாள் ஊத்தடியில் நிற்காமல் வண்டியை விட்டான். உள்ளே எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டும். டீ குடிக்கிறவர்கள், ஒதுங்கப் போகிறவர்கள், கன்னிமார் பக்தர்கள் மூன்று கட்சியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. "கன்னிமாரத் தாண்டிப் போறியே, வெளங்குவியாலே?" என்று பெருமாயி எழுந்தே நின்றுவிட்டாள். நூறு அடி தள்ளி நிறுத்தி, அத்தனை பேரும் நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். பெருமாயி நூறு அடியும் குடம் சுமந்து வந்து ஊற்றினாள்.

பன்னிரண்டாம் நாள் ஸ்டியரிங்கில் மெலிதாக ஒரு சிலிர்ப்பு. வேறு யாருக்கும் தெரியாது. அவன் உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் பத்து நாளில் இது உதறலாகும். அதற்கடுத்து சாவி. அன்று பழனியில் கூடைகளை இறக்கியதும் மதன் பெருமாயியிடம் போய் நின்றான்.

"அக்கா, ஏங்கூட ஒரு எடத்துக்கு வரணும். வெரசா வந்துரலாம்."

"எங்கலே? கேரட்டு வாடிப்போகும்."

"பக்கத்துல பாத்துக்கச் சொல்லிட்டு வாங்கக்கா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

அவன் குரலைக் கேட்டு அவள் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். தேவசேனாவுக்கு அவர்கள் சேர்ந்து வந்து நின்றதுமே விஷயம் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் கிடந்த பழைய டிரம்மை உருட்டி வந்து பெருமாயி முன்னால் போட்டாள்.

"உள்ளுக்குள்ள தடவிப் பாருங்கம்மா."

பெருமாயி குனிந்து விரலால் தடவினாள். வெடிப்புகளின் மேல் விரல் நின்றது. திரும்பவும் தடவினாள். "இது என்ன, தோசக்கல்லு விட்ட மாதிரில இருக்கு? எம் மக புதுசா வாங்குன கல்ல அடுப்புலருந்து எடுத்த கையோட கொழாயில காட்டிப்புட்டா. டப்புன்னு விட்டுப்போச்சு. அவள வஞ்ச வசவு இன்னும்..." பாதியில் நின்றாள்.

பெருமாயி டிரம்மைப் பார்த்தாள், மதனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப நாந்தானா?"

"ஒங்களுக்குத் தெரியாம நடந்ததுக்கா."

பெருமாயி பக்கத்திலிருந்த பழைய டயரின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை அப்படிப் பார்க்க மதனுக்குத் தாங்கவில்லை. கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று கூட நினைத்தான்.

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"இங்க வண்டியக் கொண்டாந்த அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானலே. அந்தாளு ஒன் சோலியப் புடுங்குறேன்னு நிக்கிறான்னு ஊருக்கே தெரியும். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீங்க மனசு ஒடஞ்சு போவீங்கன்னுதான்..."

"என் மனசு ஒடஞ்சா ஒட்டிக்கும். ஒனக்கு வேல போனா ஒன் பொண்டாட்டி புள்ளைக்கு நானா சோறு போடப் போறேன்?" அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். "இந்தாம்மா, அந்தச் சட்டிய எடு."

தேவசேனா வாயைத் திறப்பதற்குள் டிரம்மை அவளே தூக்கப் பார்த்தாள். இரண்டு ஆள் கனம், அசையவில்லை. கடைசியில் தேவசேனா தன் சரக்கு ஆட்டோவில் அதை ஏற்றி, மூவருமாகச் சேனாதிபதியின் ஷெட்டுக்குப் போனார்கள். வழி நெடுக மதன், "நான் பேசிக்கிறேன்க்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சேனாதிபதி கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். பெருமாயி நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"மொதலாளி, மூணு டிரம்மையும் கெடுத்தது நானு. தெனமும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துனேன். வேண்டுதலு. இந்தப் புள்ள அதுல விரலக்கூட வைக்கல. சந்தேகம்னா இந்தம்மாகிட்டக் கேளுங்க."

சேனாதிபதிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "ஏம்மா, ஒனக்கு வேற வேலையே இல்லையா? வண்டி என்ன கோயில் தேரா, நெனச்சதுக்குத் தண்ணி ஊத்த..."

"வையிங்க. நல்லா வையிங்க. நான் வாங்கிக்கிறேன்" என்றாள் பெருமாயி. அவள் குரல் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. "ஆனா காலு காலுன்னு நாலு பேரு முன்னாடி சொன்னீங்கள்ல? அந்தக் காலு அன்னைக்கு மிதிக்காம இருந்தா, மொதலாளி, ஒங்க வண்டியும் இல்ல, நானும் இல்ல. அந்தப் பேச்ச மட்டும் திருப்பி வாங்கிக்கங்க."

ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். சேனாதிபதி குனிந்து டிரம்மைப் பார்த்தார். பாதி நீலம், பாதி வெள்ளை. பத்து வருஷம் லாரி ஓட்டியவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேவசேனா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவள் ஆமென்று தலையசைத்தாள். ஆனாலும் சொன்ன சொல்லை உடனே வாங்கிக்கொண்டால் முதலாளி என்கிற கெத்து என்ன ஆவது?

"புது டிரம்ம லேத்துல வச்சு லேசா செத்திப் போடு தேவசேனா. தண்ணி படாம பத்து நாளு ஓடட்டும். பதினோராம் நாளு நானே வந்து ஒக்காந்து பாக்குறேன்" என்றார்.

அந்தப் பத்து நாளும் ஊத்தடியில் வண்டி நின்றது. பெருமாயி இறங்கினாள். குழாயடியில் வெறுங்கையோடு நின்று கன்னிமார் கல்லைக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். சந்தையில் விலை சொல்வதற்குக்கூடக் குரல் எழும்பவில்லை என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். வருஷம் திரும்ப இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. சாமிக்குச் சொன்னது பாதியில் நிற்கிறதே என்கிற வேதனை அவளுக்கு. மதனுக்கோ ஸ்டியரிங் கைக்குள் சாதுவாக இருந்தும் நிம்மதி இல்லை. என் வேலையைக் காப்பாற்ற அவள் வேண்டுதலைப் பறித்துவிட்டேனே என்று மகாராணியிடம் சொல்லிப் புலம்பினான்.

பதினோராம் நாள் வெள்ளனே சேனாதிபதி பள்ளங்கியில் வந்து ஏறினார். முதல்நாள் சாயங்காலமே மேலே வந்து வில்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். மதனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். மதன் செகண்டு கியரைப் போட்டு இறங்கினான். வளைவுக்கு வளைவு அவர் கண் அவன் காலிலேயே இருந்தது. பாதி வழியில் கை நீட்டி ஸ்டியரிங்கின் மேல் இரண்டு விரலை வைத்தார். மதன் மிதித்தான், வண்டி அமர்ந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. அவர் விரலை எடுத்துக்கொண்டார். மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் பார்த்தார். அதுதான் மதனுக்குப் பயமாக இருந்தது.

ஊத்தடியில் வண்டி நின்றது. மதன் கதவைத் திறந்து இறங்கித் திரும்பினான். பெருமாயி குழாயடியில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நேராக வந்தாள்.

"அக்கா! வேணாம்க்கா!" மதன் கத்தியே விட்டான்.

சேனாதிபதி படியிலிருந்து குதித்தார். "ஏம்மா, ஒனக்கு எத்தன தடவ சொல்றது! கொதிச்சுக் கெடக்கு!"

பெருமாயி இருவரையும் சட்டை செய்யவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் வந்தாள். அதைத் தாண்டினாள். மதனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"செருப்பக் கழட்டு."

"எதுக்குக்கா?"

"கழட்டுலேன்னா."

ஒன்றும் புரியாமல் வலது காலை உருவினான். அவள் குனிந்து அந்தக் காலில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். ஊற்றுத் தண்ணீரின் குளிர் அவன் உச்சந்தலை வரை ஏறியது. தன்னைவிட மூத்தவள் தன் காலில் தண்ணீர் விடுகிறாளே என்று பதறிப் பின்னால் நகரப் பார்த்தான்.

"என்னக்கா இது, எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அசையாம நில்லு." குடம் காலியாகும் வரை அவள் நிமிரவில்லை. "சக்கரத்துக்கு என்னலே தெரியும்? அது உருளச் சொன்னா உருளும். நிப்பாட்டுனது இந்தக் காலு. பத்து மாசமா எடம் மாத்தி ஊத்திட்டேன். கன்னிமாருக்கு அது தெரியும், எனக்குத்தான் தெரியல." நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் பழைய வாய். "இன்னும் பாக்கி இருக்குற அத்தன நாளும் வெரசா செருப்பக் கழட்டிட்டு நிக்கணும், சொல்லிட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சேனாதிபதி அந்த ஈரக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொண்டையைக் கனைத்ததும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நான் சொன்னது தப்பு மதனு" என்றார். நாலு பேர் அல்ல, முப்பது பேர் கேட்கும்படி சொன்னார். பிறகு சட்டென்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, "டயமாச்சு, டயமாச்சு. வண்டிய எடு" என்று அதட்டிவிட்டு முதல் ஆளாக ஏறிக்கொண்டார்.

மதன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். வெறுங்கால் பெடலின் மேல் சில்லென்று பட்டது. ஊத்தடியை விட்டு இறங்கும் கடைசி வளைவில் மிதித்தான். வண்டி அவன் சொன்ன இடத்தில் அலுங்காமல் அமர்ந்தது, ஸ்டியரிங் கைக்குள் சும்மா இருந்தது. கண்ணில் வழிந்ததைத் துடைக்க அவன் ஒரு கையை எடுத்தான்.